முதலுதவி: நாம் படித்ததும், மீண்டும் படிக்க வேண்டியதும்

சாகாமக் குளத்தின் கீழே எங்கள் வாப்பாவுக்கு வயல் இருந்தது. பெரும்போக வெள்ளாமை வெட்டுக் காலத்தில் உம்மாவும் நானும் வாடிக்குப் போய் வெட்டுக்காரருக்குச் சமைத்துக் கொடுப்போம். சின்ன வயதில் அந்த ஊரின் பெயரைப் பிரித்து, "சாகாமல் இருக்கிற ஊர்" என்று நாங்கள் விளையாடுவதுண்டு.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாசி மாத மாலை. எனக்குப் பாடசாலையில் முதலுதவிச் சான்றிதழ் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். வரம்பால் நடந்து வந்த ஒரு வெட்டுக்காரர் "பூச்சி கடிச்சிட்டு" என்று காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பொழுதுபட்ட பின் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பிள்ளை நான் ஒருத்திதானே! பாடத்தில் சொல்லித் தந்தபடியே முழங்காலுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். இன்னொருவர் சவர அலகால் கடிவாயைக் கீறினார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போய்ச் சேர்க்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தக் கட்டு அவிழவில்லை. அது அவிழாமல் இருந்ததையிட்டு எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவர் உயிர் பிழைத்தார். ஆனால் கால் சதை கறுத்து அழிந்து, பல மாதங்கள் நொண்டி நொண்டியே நடந்தார். "பிள்ளைதான் என்னைக் காப்பாற்றியது" என்று காணும் இடமெல்லாம் சொல்லுவார். பல ஆண்டுகள் கழித்துத்தான், பாம்புக்கடிக்கு அப்படி இறுக்கிக் கட்டக் கூடாது என்பதையும், கட்டே காலைக் கெடுக்கும் என்பதையும் அறிந்தேன். சதையை அழித்தது விஷமா என் கயிறா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதும்படி கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கயிறுதான். எமது பாடசாலையில் கற்ற கவிதையும் கணக்கும் இன்றும் மாறவில்லை. முதலுதவி மாறிவிட்டது. சான்றிதழை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் நம்மில் பலர் அந்த மாற்றத்தை அறியாமலே வீட்டில், தெருவில், வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் "முதலுதவி தெரிந்தவர்" என்ற பெயரோடு இருக்கிறோம். ஆகவே இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சாதாரண மனிதருக்குக் கற்பிக்கலாம் என்ற எண்ணம்

காயப்பட்டவரைப் பராமரிப்பது மிகப் பழைய காரியம். மதீனாவில் காயமடைந்த போர்வீரர்களைக் கூடாரமமைத்துப் பராமரித்த ருபைதா அல் அஸ்லமிய்யாவின் பெயரை இஸ்லாம் பாடத்தில் கேட்டிருப்பீர்கள். 1859 யூன் மாதம் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயின் பெண்கள் எந்தப் பக்கத்துப் படைவீரன் என்று பாராமல் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடினார்கள். அதைக் கண்ட ஹென்றி டுனான்ட் எழுதிய நூலிலிருந்தே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது.

ஆனால் வைத்தியர் அல்லாத ஒருவருக்கு ஒழுங்கான பாடமாகச் சொல்லிக் கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழ் கொடுக்கலாம் என்பது புதிய எண்ணம். இங்கிலாந்தில் சென். ஜோன் அம்புலன்ஸ் சங்கம் 1877 இல் தொடங்கியது. மறு ஆண்டு ஜனவரியில் இராணுவ வைத்தியர் பீற்றர் ஷெப்பர்ட் லண்டனுக்கு அருகே வுலிச்சில் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தினார். அடுத்த ஆண்டே அவர் தென்னாபிரிக்கப் போரில் கொல்லப்பட்டார். அவர் எழுதிய கையேடு மட்டும் உலகம் சுற்றியது. ஜேர்மனியில் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ்மார்க் 1882 இல் இப்படியான பள்ளியைக் கீல் நகரில் ஆரம்பித்தார். நாம் மடித்து மடித்துப் பழகிய முக்கோணக் கட்டுத்துணியைப் பரவலாக்கியவரும் அவரே. எப்படிக் கட்டுவது என்ற படங்களை அந்தத் துணியிலேயே அச்சிட்டிருந்தார்.

இலங்கைக்கு சென். ஜோன் சங்கம் 1906 இல் வந்தது. 1917 இல் கண்டியில் பெண் சாரணியம் தொடங்கி, அதன் வழியாக முதலுதவி பெண்கள் பாடசாலைகளுக்குள் நுழைந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் பெருந்தொகையான மக்கள் மாண்ட பின், 1936 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளை இங்கே அமைந்தது. வைத்தியத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, தமிழிலேயே வைத்திய மாணவர்களைப் பயிற்றி, உடற்கூறும் சத்திரசிகிச்சையும் சொல்லும் நூல்களைத் தமிழில் ஆக்கினார். காயத்தைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் எமது மொழியில் துல்லியமாகப் பேசலாம் என்பதை அவர் 19 ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்.

நாடியை விட்டு மூச்சுக்கு

முதலுதவியில் முதல் வேலை பார்ப்பது. என்ன நடந்தது, யாருக்கு, எவ்வளவு ஆபத்து என்று அரை நிமிடத்தில் மதிப்பிடுவது. இந்தப் பார்வைதான் இந்த நூறு ஆண்டுகளில் அதிகம் திருத்தப்பட்டது.

எமது பக்கத்தில் யாராவது மயங்கி விழுந்தால் கூடுபவர்கள் முதலில் செய்வது கையைப் பிடித்து நாடி பார்ப்பது. பரிகாரியாரும் ஹக்கீமும் நாடி பார்த்தே நோய் சொன்ன மண் இது. எமது முதலுதவி வகுப்பிலும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினோம். ஆனால் பதற்றத்தில் இருக்கும் சாதாரண ஒருவர் நாடியைத் தேடினால் நேரம் வீணாகிறது, முடிவும் பல தடவை பிழைக்கிறது என்று சோதனைகள் காட்டின. தன் விரலில் துடிப்பதையே மற்றவரின் நாடி என்று எண்ணுவோரும் உண்டு. அதனால் 2000 ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச வழிகாட்டல்களிலிருந்து வைத்தியத் துறை சாராதவர்கள் நாடி பார்க்கும் படி நீக்கப்பட்டது.

இன்றைய ஒழுங்கு மிக எளிது. முதலில் உங்களுக்கு ஆபத்து இல்லையா என்று பாருங்கள்: மின்கம்பி, வாகனம், தண்ணீர், நெருப்பு. இரண்டாவது, தோளைத் தட்டி உரத்துக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் உதவிக்குச் சத்தமிடுங்கள். மூன்றாவது, நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னே சாய்த்து, நாடியை மேலே உயர்த்துங்கள். (இங்கே நாடி என்றது முகவாய்க்கட்டையை!) நான்காவது, பத்து விநாடிக்கு மேற்படாமல் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, கண்காணித்துக் கொண்டிருங்கள். மூச்சு இல்லை, அல்லது இடையிடையே மீன் வாய் திறப்பது போன்ற ஒரு இழுப்பு மட்டும் இருக்கிறது என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே கொண்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். அந்த இழுப்பைப் பார்த்து "மூச்சு வருகுது" என்று காத்திருந்து இழந்த உயிர்கள் ஏராளம்.

தண்ணீரிலிருந்து எடுத்தவரை

கடலும் களப்பும் குளமும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்கள் எங்களுடையவை. நீரில் மூழ்கியவரை எடுத்தால் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. இது எங்கள் அறியாமை மட்டுமல்ல. நீரில் மூழ்கியோரைக் காப்பாற்ற 1767 இல் அம்ஸ்ரடாமில் ஒரு சங்கம் அமைந்தபோது பீப்பாவின் மேல் உருட்டுவதும் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே ஊதுவதும் ஐரோப்பாவில் சிகிச்சையாக இருந்தன. 1858 இல் சில்வெஸ்டர், மல்லாத்தி வைத்துக் கைகளைத் தூக்கி இறக்கும் முறையைச் சொன்னார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேஃபர், குப்புறப் படுக்க வைத்து முதுகை அமுக்கும் முறையைச் சொன்னார். 1932 இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் இரண்டையும் இணைத்தார். எனக்கு முந்திய அக்காமார் பலர் மைதானத்துப் புல்லில் ஒருவரையொருவர் குப்புறப் படுக்க வைத்துப் பழகியது இந்த நீல்சன் முறையைத்தான்.

1950களின் இறுதியில் எலாம், சஃபார் என்ற வைத்தியர்கள், இந்த முறைகளால் நுரையீரலுக்குப் போதிய காற்றுப் போவதில்லை, வாயோடு வாய் வைத்து ஊதுவதே பயன் தரும் என்று நிறுவினார்கள். 1960 இல் கோவன்ஹோவனும் அவருடைய தோழர்களும், நெஞ்சைத் திறக்காமலே மேலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓட வைக்கலாம் என்று எழுதினார்கள். இரண்டும் சேர்ந்ததே இன்றைய முறை.

பழகுவதற்கு ஒரு பொம்மை வேண்டும். நோர்வேயில் விளையாட்டுப் பொருள் செய்த லேர்டால் என்பவர் அதைச் செய்து கொடுத்தார். பாரிஸின் செயின் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு இளம்பெண்ணின் முக வார்ப்பையே அதற்கு முகமாக வைத்தார். யாராலும் காப்பாற்றப்படாத ஒருத்தியின் முகத்தில் உலகமே உயிர் காக்கப் பழகியது.

இப்போதைய முறை: நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடியை வைத்து, வளர்ந்தவருக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6 ஐத் தாண்டாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யலாம். ஆனால் நீரில் மூழ்கியவருக்கு விதிவிலக்கு உண்டு. அவருக்கு முதலில் குறைந்தது காற்றுத்தான். எனவே ஊதுவதில் தொடங்கி, பின் அழுத்த வேண்டும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். தண்ணீர் எடுப்பதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பு.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை காலையை நினைக்காமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. இலங்கையில் 35,000 க்கு மேற்பட்டோரை இழந்தோம். அதில் மிக அதிகமாக இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலிருந்து திருக்கோவில் வரை அலை படாத கரை இல்லை. அன்று அம்புலன்ஸ் வரவில்லை, வரவும் வழியில்லை. கையில் கிடைத்தவரை இழுத்து எடுத்தவர்கள் அயலவர்கள்தான். பின்னர் இம்மாவட்டத்து முகாம்களில் செய்யப்பட்ட ஆய்வில், பெண்களும் சிறுவரும் முதியோரும் கூடுதலாக இறந்திருந்தமை தெரியவந்தது. நீந்தத் தெரியாமை, உடுத்த உடை, பிள்ளையை விடாத கை என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். அன்று கரைக்கு எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேரை நாம் வயிற்றை அமுக்கிக் கொண்டிருந்து இழந்தோம் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

கட்டும் கீறலும்

பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டு, கீறு, உறிஞ்சு என்பது கிராமத்து வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். அதைப் புத்தகமும் சொன்னது. 1904 இல் பிரித்தானிய வைத்தியர் லோடர் பிரண்டன், கட்டுப் போட்டு, கடிவாயைக் கீறி, பொட்டாசியம் பேர்மங்கனேற்றுத் துகளைத் தேய்க்கும்படி பரிந்துரைத்தார். அதற்கென்றே சிறு கத்தியும் மருந்துக் குழியும் சேர்ந்த ஒரு கருவி இந்தியாவில் பரவியது. குடியேற்ற நாடுகளின் முதலுதவிப் பாடங்கள் அதைப் பல்லாண்டு சுமந்தன. அந்தத் துகள் இரத்தத்தில் கலந்த விஷத்தை எதுவும் செய்யாது என்பது பின்னர் தெளிவானது.

இன்று சொல்வது இதுதான்: கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வது போலத் தடி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விஷமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு போவதில் நேரத்தைச் செலவழிக்கவும் வேண்டாம். வயல் வரம்பில் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். அது கடித்தால் வீக்கமும் வலியும் உடனே தெரியும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் கட்டுவிரியனின் கடியோ வலிக்காமலும் இருக்கும். விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தொங்கினால், காயம் தெரியாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும். வாடியில் பாயில் படுப்போர் நுளம்பு வலையை விளிம்பு மடித்துச் செருகிக் கட்டினால் இந்தக் கடியையும் தவிர்க்கலாம்.

கட்டின் கதை இதோடு முடியவில்லை. இரத்தப் பெருக்குக்கும் இறுக்கிக் கட்டக் கூடாது, அழுத்திப் பிடித்தால் போதும் என்று ஒரு காலம் சொன்னார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பின், கை கால் சிதைந்து அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பாயும்போது அகன்ற கட்டு உயிர் காக்கும் என்று அது திரும்பி வந்துவிட்டது. ஒரே கட்டு, ஓரிடத்தில் தீங்கு, ஓரிடத்தில் மருந்து. இதனால்தான் முதலுதவியை ஒருமுறை படித்தால் போதாது.

கூச்சம் என்னும் தடை

எமது சங்கத்துக்கு இந்தப் பாடம் ஏன் தனியாக உரியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பொது இடத்தில் இதயம் நின்று விழுந்தவர்களைப் பற்றி 2017 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களில் 45 வீதத்தினருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்திருந்தார்கள். பெண்களில் 39 வீதத்தினருக்கே அது கிடைத்தது. பெண்ணின் நெஞ்சைத் தொடத் தயங்குவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அமெரிக்காவிலேயே இப்படி என்றால், கல்முனைக் கடைத்தெருவிலோ அக்கரைப்பற்றுப் பேருந்து நிலையத்திலோ என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உயிர் போகும் நேரத்தில் யாரும் யாரையும் தொட்டுக் காப்பாற்றலாம். மார்க்க அறிஞர்களும் நிர்ப்பந்த நிலையில் இதை அனுமதிக்கிறார்கள். ஆனாலும் தயக்கம் தயக்கம்தான். கூட்டத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் நின்றால் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. உடையைக் கழற்றாமலே அழுத்தலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வீட்டில் இன்று செய்யக் கூடியவை

மற்றவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீக்காயத்துக்குப் பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பையோ வாயில் கரண்டியையோ வைக்க வேண்டாம்; தலை மோதாமல் காத்து, அடங்கியதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் அம்புலன்ஸ். கிருமிநாசினி குடித்தவருக்கு வாந்தி எடுக்கப் பண்ண வேண்டாம். போத்தலையும் எடுத்துக் கொண்டு ஓடுங்கள். நீரிழிவு உள்ளவர் வியர்த்துத் தடுமாறினால், விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் மட்டும் சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல், தொடங்கிய நேரத்தைக் குறித்துக் கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நான் உழவு இயந்திரத்தில் கொண்டு போன காலம் இப்போது இல்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் அந்தந்த நாட்டு இலக்கத்தைக் குளிரூட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஆனால் எந்த அம்புலன்ஸும் வந்து சேரச் சில நிமிடம் எடுக்கும். சாகாமத்து வயலுக்கு இன்னும் கூட எடுக்கும். அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருடையவை.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தன்று காலை இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி, பயிற்றப்பட்ட ஒருவரை அழைத்து, ஒரு பொம்மையை வைத்து, எல்லோரும் முழந்தாளிட்டு அழுத்திப் பழகுவோம். முழந்தாளிட முடியாத எங்களைப் போன்றவர்கள் கதிரையில் இருந்து எண்ணிக்கை சொல்லுவோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்காத சான்றிதழை நம்ப வேண்டாம். என்னுடையது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதில் திகதி 1975. அதைப் பார்க்கும்போதெல்லாம், "பிள்ளைதான் காப்பாற்றியது" என்று சொல்லிக் கொண்டே நொண்டி நடந்த அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வரும். இன்னொரு பிள்ளைக்கு அந்த நினைவு வேண்டாம்.